நூலகத்தில் ஒரு புதுச் சாமி

திருநெல்வேலிப் பக்கத்து நூலகங்களில் கம்ப்யூட்டர் ஓடவில்லை, பிரிண்டர் அச்சடிக்கவில்லை, இன்டர்நெட் வரவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினால் போய்ப் பார்த்துச் சரி செய்து கொடுப்பது நமது தொழில். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையில் தாமிரபரணி போகிற வழியெல்லாம் நாமும் ஒரு திருப்புளிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருக்கிறோம். இத்தனை வருஷ அனுபவத்தில் நாம் தெரிந்துகொண்ட விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டர் கோளாறு என்று நம்மிடம் வருவதில் முக்காலே மூணு வீசம் கம்ப்யூட்டரைப் பொறுத்ததல்ல. அதன் முன்னால் நிற்கிற மனிதன் அதற்குப் பயப்படுவதைப் பொறுத்ததேயாகும் என்பதுதான்.

சரஸ்வதி பூசை கழிந்த மறுவாரம் நமக்கு வேலை அதிகம் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அது உண்மை. மானிட்டருக்கு மூன்று பட்டை விபூதி, சி.பி.யு.வுக்குச் சந்தனமும் குங்குமமும், கீபோர்டின் மேல் பொரி, கடலை, ஒரு சீப்பு வாழைப்பழம். பொரி இருக்கிற இடத்துக்கு எறும்பு வருவதற்கு யாதொரு சாஸ்திரமும் வேண்டியதில்லை. எறும்பு கீபோர்டுக்குள் இறங்குகிறது. சந்தனத் தண்ணீரும் இறங்குகிறது. பிறகு ஒரு விசை அமுங்குவதில்லை, மற்றொரு விசை அமுங்கினால் எழும்புவதில்லை. “பூசை போட்டும் இப்படி ஆகிவிட்டதே அண்ணாச்சி” என்கிறார்கள். பூசை போட்டதனால்தான் ஆயிற்று என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். கீபோர்டைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினால் அரைக் கைப்பிடி பொரி விழுகிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இதை நம் நாட்டு ஜனங்களின் புத்திக்குறைவு என்று மாத்திரம் யாரும் எண்ணிவிட வேண்டாம். கம்ப்யூட்டரின் மூளையான சில்லுகளைச் செய்து உலகமெங்கும் அனுப்புகிற தைவான் தேசத்திலேயே, யந்திரங்கள் மக்கர் செய்யாமலிருக்க வேண்டுமென்று “குவாய் குவாய்” என்ற தின்பண்டப் பொட்டலத்தை அவற்றின் மேல் வைக்கிறார்கள். “சமத்தாயிரு” என்பது அந்தப் பெயருக்கு அர்த்தமாம். பொட்டலம் பச்சை நிறமாய் இருக்க வேண்டும், அதன் காலக்கெடு தாண்டியிருக்கக் கூடாது என்று அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. ஆகவே எறும்பு வருவதில்லை. மூடத்தனத்திலும் அவர்கள் நம்மைவிடச் சற்றுச் சுத்தக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிற்க. ஒரு கிளை நூலகத்தில், “எந்த சர்க்கார் பக்கத்தைத் திறந்தாலும் ‘ஆபத்து, பாதுகாப்பில்லை’ என்று சிவப்பாய் எழுதி வருகிறது, வைரஸ் புகுந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை பெட்டியைப் பிரித்தபோதே நான் வேண்டாமென்றேன்” என்று ஒருவர் நம்மை அழைத்தார். நாம் போய் முதலில் பார்த்தது திரையின் மூலையிலிருந்த தேதியை. அது பல வருஷத்துக்கு முந்தைய தேதியாய் இருந்தது. விஷயம் இவ்வளவுதான்: கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு வட்ட பாட்டரி இருக்கிறது. மூன்று வோல்ட்டு. மின்சாரத்தை நிறுத்தி வைத்திருக்கிற நேரத்திலும் கடிகாரம் ஓடுவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். அது செத்துவிட்டால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தன்னைச் செய்தவன் போட்டு வைத்த பழைய தேதிக்குப் போய் நிற்கிறது. சர்க்கார் பக்கமோ, பாங்கியோ, பத்திரமான எந்தப் பக்கமும் ஓர் அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டித்தான் உள்ளே விடும். அந்தப் பத்திரத்துக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ஆயுசு உண்டு. பத்திரம் இந்த வருஷத்தது, நமது கடிகாரமோ பழைய வருஷத்தைக் காட்டுகிறது; ஆகவே “இந்தப் பத்திரம் இன்னும் பிறக்கவே இல்லையே” என்று கம்ப்யூட்டர் மறுக்கிறது. அதன் கணக்கில் அது செய்வது நியாயந்தான். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்கு ஒரு பாட்டரியை வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தியவுடன் எல்லாம் திறந்தது. செவ்வாய்க்கிழமை மேல் பழி போட்டவர் புதன்கிழமை நம்மைக் கண்டபோது வேறு பேச்சுப் பேசினார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய காரியங்கள். சிரிக்க முடியாத காரியம் ஒன்றிருக்கிறது. அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கங்களில் பீடி சுற்றிப் பிழைக்கிற பெண்கள் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு விடியுமுன் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றுகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அதைக் காகிதத்தில் கேட்க முடியாது. கம்ப்யூட்டரில்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு தாயார், ஒன்பதாவது படிக்கிற தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நாம் வேலையாயிருந்த ஒரு நூலகத்துக்கு வந்தார். ஒரு கடையில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து மனுச் செய்திருக்கிறார். மனுத் திரும்பிவிட்டது. ஏன் என்று கேட்டதற்குக் கடைக்காரர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“கம்ப்யூட்டரு எம் மவ பேர ஒத்துக்கிடலன்னு சொல்லிட்டாவ தம்பி. அதுக்கு என்ன கோவமோ?” என்றார் அந்த அம்மாள்.

வாசகர்களே, இந்த வார்த்தையைக் கவனியுங்கள். “அதுக்கு என்ன கோவமோ” என்று இதற்கு முன் எதைப் பார்த்து நம் ஜனங்கள் சொல்லி வந்தார்கள்? மழை பெய்யாவிட்டால் சொன்னார்கள். பிள்ளைக்கு அம்மை போட்டால் சொன்னார்கள். இப்பொழுது ஒரு தகரப் பெட்டியைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். அந்தக் காலத்தில் சாமிக்குக் கோபம் என்று பூசாரி சொன்னான்; அது என்ன கோபம் என்று சாமியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் பேசுகிறவன் பூசாரி ஒருவனே. இன்று “சர்வர் டவுன்” என்று சொல்லுகிறவன் அந்தப் பூசாரியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். சர்வர் என்றால் என்ன? வேறோர் ஊரில் வைத்திருக்கிற மற்றொரு கம்ப்யூட்டர். அது எட்டவில்லை என்றால், இங்கிருந்து போகிற வயர் அறுந்திருக்கலாம். அங்கே மின்சாரம் நின்றிருக்கலாம். கடைசித் தேதியாகையால் ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் மோதியிருக்கலாம். அல்லது சொல்லுகிறவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமாயிருக்கலாம். இவற்றில் எது என்று கேட்க ஜனங்களுக்கு உரிமையில்லையா? அசரீரி மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்லி, பத்து மைல் பஸ் ஏறி வந்தவளைத் திருப்பியனுப்புவது என்ன யோக்கியதை என்று கேட்கிறோம்.

அந்த மனுவை நாம் திறந்து பார்த்தோம். அந்தப் பெண்ணின் பெயர் இசக்கி என்று தொடங்குகிறது. நம் பக்கத்தில் இந்தப் பெயர் இல்லாத தெரு ஏது? பள்ளிக்கூடத்தில் அதை இங்கிலீஷில் எழுதியவர் ‘ஈ’ என்று சொல்லுகிற எழுத்தைப் போட்டு ஆரம்பித்திருக்கிறார். நெல்லைச் சீமையில் பலரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆதார் எடுத்தவர் ‘ஐ’ என்கிற எழுத்தைப் போட்டிருக்கிறார். நமக்கு இரண்டும் இசக்கிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு எழுத்தும் தெரியாது, இசக்கியும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண். அதன் கணக்கில் முதல் எழுத்துக்கு 69, இரண்டாவது எழுத்துக்கு 73. அறுபத்தொன்பதும் எழுபத்துமூன்றும் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்கிறது. கோபமுமில்லை, தாபமுமில்லை. சுடலை, லெட்சுமி, சொள்ளமுத்து என்று எத்தனை பெயர்கள் இப்படி இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டு ஊர்தோறும் அல்லல்படுகின்றன!

இதை ஒரு காகிதத்தில் எழுதி அந்த அம்மாளுக்கு நாம் விளக்கியபோது, பள்ளிக்கூடமே போகாத அவர் ஐந்து நிமிஷத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். “அப்ப பேரத் திருத்துனா போதும், வேற ஒண்ணுமில்லயா?” என்றார். வேறொன்றும் இல்லைதான். ஆனால் திருத்தி வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த வருஷம் தொகை வந்தது. அந்த வருஷத்துப் பணம் போனது போனதுதான். நூற்றைம்பது ரூபாயும் திரும்பவில்லை. கடைக்காரர் மோசக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருக்கே காரணம் தெரியாமலிருந்திருக்கலாம். தெரியாதவர் “தெரியவில்லை” என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் அன்றைக்கே வேறிடத்தில் கேட்டிருப்பார். “ஒத்துக்கொள்ளவில்லை” என்றதனால், சாமி உத்தரவுக்கு மேல் பேச்சில்லை என்று இரண்டு வாரம் வீட்டிலிருந்துவிட்டார்.

தமிழில் பெயரைக் கேட்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்குமா? இசக்கி என்பதற்குத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டுத்தான். ‘இ’க்கு 2951, ‘ச’வுக்கு 2970 என்று தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட எண் இன்றைக்கு இருக்கிறது, அதற்கு யூனிகோடு என்று பெயர். 2010-ல் தமிழ்நாட்டு சர்க்காரும் அதை ஏற்று உத்தரவு போட்டாகிவிட்டது. அதற்கு முன் இருந்த அலங்கோலத்தைச் சொன்னால் வேடிக்கையாயிருக்கும். எழுத்துருவை விற்கிற கம்பெனிக்கு ஒரு கணக்கு, எழுத்துருவுக்கு எழுத்துரு ஒரு கணக்கு. ‘பாமினி’ என்ற எழுத்துருவில் தமிழ் என்று அடித்து வைத்ததை, அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், இங்கிலீஷில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். 1999-ல் சென்னையில் மகாநாடு கூட்டி ஒரே விசைப்பலகை, ஒரே முறை என்று பேசி முடிவு செய்தார்கள். அதில் வந்த தமிழ்99 விசைப்பலகை நல்ல விசைப்பலகை. ஒரு வாரம் பழகினால் கை ஓடும். ஆனால் அதைப் பழகியவர்களை நாம் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எழுத்து ஒன்றுபோலத் தெரிந்தால் போதும் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். ஒரு நூலகத்தில் புத்தகப் பட்டியலை அடித்தவர் காலுக்குப் பதிலாக ‘ர’வை அடித்துவிட்டார். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதேயில்லை. ஆனால் கால் என்பது 3006, ‘ர’ என்பது 2992. வாசகர் ஒருவர் வந்து தாமிரபரணி என்று சரியாக அடித்துத் தேடுகிறார். அப்படி ஒரு புத்தகம் இல்லை என்கிறது கம்ப்யூட்டர். அவரோ அந்தப் புத்தகத்தின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்! புத்தகம் இருந்தும் இல்லையென்று போனவர்கள் எத்தனை பேரோ? அந்தப் பட்டியலைத் திருத்த நமக்கு ஒன்பது நாள் பிடித்தது.

இங்கே வேறொரு ஞாபகம் வருகிறது. 1935-ல் ‘குடி அரசு’ ணை, லை, னை, றா, ணா, னா முதலிய எழுத்துக்களை மாற்றி அச்சடித்தபோது, எழுத்து தெய்வீகம், அதன் வடிவத்தில் கை வைக்கலாகாது என்று பண்டிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1978-ல் சர்க்காரே அந்தச் சீர்திருத்தத்தை எடுத்துக்கொண்டது. இன்று கம்ப்யூட்டரிலோ ‘லை’யின் வடிவத்துக்கு எண்ணே கிடையாது, ‘ல’வுக்கு ஓர் எண், ஐகாரக் குறிக்கு ஓர் எண், அவ்வளவே. தும்பிக்கை வைத்த பழைய வடிவம் வேண்டுமானாலும், புதிய வடிவம் வேண்டுமானாலும் எழுத்துருவை மாற்றிக்கொள்ளலாம். தெய்வீகம் எந்த எண்ணில் இருக்கிறது என்று அந்தப் பண்டிதர்களைக் கேட்கலாமென்றால் அவர்கள் இப்போதில்லை.

நிற்க. நூலகப் பட்டியலை நடத்துகிற மென்பொருள்களில் ‘கோஹா’ என்று ஒன்றிருக்கிறது. நம் நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் அது ஓடுகிறது. அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். நியூஜிலாந்தில் ஹோரோவெனுவா என்கிற சிறு பிரதேசத்து நூலகத்தார், தங்களிடமிருந்த பழைய மென்பொருள் 2000-ம் வருஷம் பிறந்தால் நின்றுவிடும் என்று கண்டு, 1999-ல் புதிதாக ஒன்றை எழுதச் செய்து, 2000 ஜனவரியில் ஓடவிட்டார்கள். எழுதினதைப் பூட்டி வைத்துக்கொண்டு விலை பேசவில்லை. உலகத்தார் யாரும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். கோஹா என்றால் அந்நாட்டு மவோரி மக்களின் பாஷையில் கொடை என்று அர்த்தம். ஒரு கூட்டத்தார் தவிர மற்றவர் காதில் விழக்கூடாது என்று வேதத்தைப் பொத்தி வைத்த தேசத்தில் பிறந்த நமக்கு, எந்த ஊரிலோ பட்டிக்காட்டு நூலகத்தார் செய்த இந்தக் காரியம் எவ்வளவு பெரியதாய்த் தெரிய வேண்டும்? ஆனால் நாம் பழகுகிற இடங்களில், “இலவசமாய்க் கிடைப்பது எப்படி நன்றாயிருக்கும்?” என்றுதான் கேட்கிறார்கள்.

பொத்தி வைப்பதனால் என்ன வரும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். சாமிநாதையர் சங்க நூல் ஏடுகளைத் தேடி நம் பக்கமெல்லாம் அலைந்தார். திருநெல்வேலியில் ஒரு கவிராயர் வீட்டில் ஏடுகளை அழகாக அடுக்கிக் காப்பாற்றி வந்ததைக் கண்டு மகிழ்ந்தார். அதே சீமையில், இப்போது தென்காசி ஜில்லாவிலிருக்கும் கரிவலம்வந்தநல்லூரில், வரகுணபாண்டியர் சேர்த்து வைத்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்ய வேண்டுமென்று ஆகமத்தில் இருக்கிறதாம். அப்படியே செய்துவிட்டோம் என்று அங்கே சொன்னார்கள். அவரே இதை வயிறெரிந்து எழுதி வைத்திருக்கிறார். ஏட்டுக்கு மரியாதை செய்யத் தெரிந்தது. இரண்டாவது பிரதி எடுக்கத் தெரியவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஆற்றங்கரை ஊர்களுக்குள் தாமிரபரணி நடந்து வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நாம் போன ஓர் ஊர்ப்புற நூலகத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிய அவல் மாதிரி உப்பிக் கிடந்தன. கம்ப்யூட்டர் தரையில் சேற்றுக்குள் இருந்தது. தரையில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டோம். மேசையில் இடமில்லையாம், மேசையில் சரஸ்வதி படமும் விளக்கும் இருந்தன. பட்டியல் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டரில் மாத்திரமே இருந்தது. வேறிடத்தில் பிரதி இல்லை. டிஸ்கைக் கழற்றிக் கழுவி உலர்த்தி நாம் செய்து பார்த்ததெல்லாம் வீணாயிற்று. கடைசியில் கைகொடுத்தது, நூலகர் ஒருவர் பல வருஷத்துக்கு முன்பு மசியால் எழுதி மேல்தட்டில் வைத்திருந்த பழைய வரவுப் பதிவேடு. அதைப் பார்த்துத்தான் எந்தப் புத்தகம் போயிற்று, எது மிஞ்சிற்று என்று கணக்கெடுத்தோம்.

உடனே ஒரு பெரியவர், “பார்த்தீர்களா, பழசுதான் நிற்கும்” என்றார். அப்படியல்ல. பழசாயிருந்ததனால் அது தப்பவில்லை; மேல்தட்டில் இருந்ததனால் தப்பிற்று. கம்ப்யூட்டரை மேல்தட்டில் வைத்து, பதிவேட்டைத் தரையில் போட்டிருந்தால் கதை மாறியிருக்கும்.

நாம் கேட்பது அதிகமில்லை. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி கொடுக்கிறோம். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததே, படிக்கிறவனுக்குப் புத்தகம் எட்ட வேண்டும் என்று ரெங்கநாதன் போன்றவர்கள் மன்றாடியதனால்தான். இன்று பீடி சுற்றுகிறவளுக்கு எட்ட வேண்டியது புத்தகம் மட்டுமல்ல. ஆகவே நூலகத்துக் கம்ப்யூட்டரில் ஏழை ஜனங்கள் கையை வைக்கட்டும். “தொடாதே, கெட்டுவிடும்” என்று விரட்ட வேண்டாம். தட்டினால் கெடுகிற சாமானல்ல அது. கெட்டாலும் நாம் இருக்கிறோம். எந்த மனுவுக்கு என்ன காகிதம், பெயரை எப்படி ஒப்புப் பார்ப்பது என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். பட்டியலுக்கு மாதம் ஒரு பிரதி எடுத்து வேறோர் ஊரில் வைக்கட்டும். மனுத் திரும்பினால் காரணத்தைச் சொல்லட்டும். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும்.

வெள்ளம் வந்த அந்த ஊர்ப்புற நூலகத்துக்குப் போன மாதமும் போயிருந்தோம். இப்போது கம்ப்யூட்டர் மேசை மேல் இருக்கிறது. சரஸ்வதி படத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆணி நன்றாய் இறங்கியிருக்கிறது, நமக்கு ஆக்ஷேபணையில்லை.